மரத்த விரலும் மூன்று ஸ்டேஷன் பாடமும்

இதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது. எழுத்து கோணலாக இருக்கிறது என்று என் மகள் சொல்கிறாள். பத்தாவது படிக்கும்போதும் அப்படித்தான் இருந்தது, அதற்கு நோயைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுத்த மேடம்தான் தினமும் அரைப்பக்கம் எழுதச் சொல்லி அனுப்பினார், எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். சரி, எனக்கு நடந்ததையே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் யாராவது கால் மதமதப்பைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டு படுத்திருந்தால், இதைப் படித்தாவது எழுந்து டாக்டரிடம் போகட்டும்.

என் பெயர் தேசம்மா. சுண்ணாம்புக்குளம் பக்கம் எங்கள் ஊர். பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பது என் வேலை. வலை கிடையாது, தூண்டில் கிடையாது. பறி என்கிற பனையோலைப் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீரில் முட்டி போட்டு, இரண்டு கையையும் சேற்றில் பரப்பித் தடவிக்கொண்டே போவோம். விரலில் இறால் பட்டதும் சேற்றோடு அமுக்கி எடுத்துப் பறியில் போட வேண்டும். தண்ணீர் கலங்கல் என்பதால் கண்ணுக்கு அங்கே வேலை இல்லை. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டுதான் தடவுவோம். பல்லில் பறி இருப்பதால் பேசவும் முடியாது, என்னைப் போன்ற வாயாடிக்கு அது ஒன்றுதான் கஷ்டம்.

அன்று காலை இரண்டு மணி நேரம் தடவியும் எனக்கு நாலு இறால்தான் கிடைத்தது. ஏரியைத் திட்டினேன். முகத்துவாரம் அடைத்துக்கொண்டது, உப்பு ஏறிவிட்டது என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொன்னேன். ஆனால் என் நாத்தனார் ராணியின் பறி முக்கால்வாசி நிறைந்திருந்தது. கரையோரம் தண்ணீர் தெளிவாக இருக்கும் இடத்துக்கு வந்தபோது அவள் பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, கை மேலயே ஏறிப் போவுது, நீ பாட்டுக்கு வுட்டுட்டுப் போறியே."

குனிந்து பார்த்தேன். ஒரு இறால் என் வலது கை விரல்களின் மேல் ஏறி நடந்துகொண்டிருந்தது. அதன் கால்கள் ஒவ்வொன்றாக அசைவது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை. அந்தக் கை என்னுடையதுதானா என்று சந்தேகமே வந்துவிட்டது. முப்பது வருஷமாக எனக்குச் சோறு போட்ட விரல்கள், சொல்லாமல் கொள்ளாமல் எங்கேயோ போய்விட்டிருந்தன.

அதற்கு இரண்டு வாரம் முன்னால் எனக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் கண்டது. நாலு நாளாகவே கால் மதமதவென்றுதான் இருந்தது, சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இறால் கைமேல் ஏறிய மறுநாள் பஸ் படியில் காலைத் தூக்கினால் தூக்க வரவில்லை. என் வீட்டுக்காரர் முனுசாமி பின்னாலிருந்து தள்ளி ஏற்றி ஆரம்பாக்கம் கூட்டிப்போனார். அங்கே டாக்டர் சின்னச் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டுமாம். என்னுடையது துள்ளவில்லை. மறு முட்டியிலும் தட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போகாதீங்க, இப்படியே மெட்ராஸ் போயிடுங்க" என்றார்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி. முதல் நாள் முழுவதும் பெஞ்சிலும் சக்கர நாற்காலியிலுமாகப் போனது. ஒரு அறையில் கையிலும் காலிலும் ஒயர் ஒட்டி, சுளீர் சுளீர் என்று சின்னச் சின்ன ஷாக் கொடுத்தார்கள். முழங்கையில் கொடுத்த ஷாக் விரலுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று மெஷின் அளக்கிறது. இன்னொரு அறையில் என்னை இறால் மாதிரி சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகுத் தண்டிலிருந்து ஊசியால் நாலு சொட்டு நீர் எடுத்தார்கள். நினைத்த அளவு வலி இல்லை. பயம்தான் அதிகம்.

சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து சொன்னார். பெயர் ஜிபிஎஸ், நரம்பைத் தாக்கும் நோய். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடித்து விரட்டப் புறப்பட்ட நம் உடம்பின் காவல்படை, ஆள் மாறாட்டத்தில் நம் நரம்பையே அடித்துவிடுகிறது. கரண்டு ஒயருக்கு மேலே ரப்பர் உறை இருக்கிறதல்லவா, அதுபோல நரம்புக்கும் உண்டு. அந்த உறை உரிந்துபோனால் மூளை அனுப்பும் சேதி கைக்கு வராது, கை அனுப்பும் சேதி மூளைக்குப் போகாது. காலில் தொடங்கி மேலே ஏறும். நெஞ்சுவரை ஏறினால் மூச்சுக்கு ஆபத்து.

அதற்காகத்தான் மூன்று மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். சேர்ந்த அன்று இருபத்துநாலு வரை எண்ணினேன். மறுநாள் பதினேழு. அதற்கு மறுநாள் பதினொன்று. பத்துக்குக் கீழே போனால் மூச்சு மெஷின் வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். நான் எண்ணும்போது என் வீட்டுக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் உதட்டை அசைத்துக்கொண்டே கூட எண்ணுவார். நான் பதினொன்றில் நின்றதும் அவர் உதடு மட்டும் பன்னிரண்டு, பதிமூன்று என்று போகும். அடுத்த முறை பன்னிரண்டு வந்தது. அந்தப் பன்னிரண்டை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஐந்து நாள் ஒரு மருந்தைப் பாட்டிலில் ஏற்றினார்கள். விலையைக் கேட்டால் நல்ல நரம்பும் செத்துப்போகும். காப்பீட்டு அட்டையில் போய்விட்டது, பிழைத்தோம்.

மூச்சு வந்தது. தோள் வந்தது. மூன்று வாரத்தில் வாக்கர் பிடித்துக் கக்கூஸ் வரை போனேன், ராணி போனில் கேட்டுவிட்டு ஊருக்கே சொன்னாளாம். விரல் மட்டும் வரவில்லை. மடக்க முடிந்தது, நீட்ட முடிந்தது, ஆனால் எதைத் தொட்டாலும் பத்து கையுறை மாட்டிக்கொண்டு தொடுவதுபோல் இருந்தது.

"விரல் நுனிதான் கடைசியா வரும்மா. முழுசா வரலாம், பாதி வரலாம், இப்பவே சொல்ல முடியாது. சட்டை பட்டன் போடற அளவுக்கு வந்துடும்" என்றார் டாக்டர்.

"என் சட்டைக்குப் பட்டன் இல்ல சார். இறாலுக்கும் இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. இறாலைத் தொட்டுத் தெரிந்துகொள்ளும் விரல் வராவிட்டால் எனக்கு ஏரி இல்லை. வேறு வேலை எனக்குத் தெரியாது. அதைவிட, வேறு வேலை செய்ய எனக்குப் பிடிக்காது.

நான்காவது வாரத்தில் கைப்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது, ஆனால் கண்டிப்பில் தலைமை ஆசிரியை. அரிசித் தொட்டியில் கையை விட்டுப் பாசிமணி தேடுவது, துணிக் கிளிப் மாட்டுவது, மாவு பிசைவது என்று வரிசையாக வேலை வைத்தார். அரிசிக்குள் ஒரு மணியைக்கூட நான் எடுக்கவில்லை. ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் இரண்டு கைப்பிடியும் நாலைந்து பொத்தானும் வைத்த மரப்பெட்டி. இங்கே படுத்திருந்து குணமாகிப் போன ஒரு மெக்கானிக் செய்து கொடுத்ததாம்.

"இது ரயில் ஓட்டற கேம். விரலுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. உட்காருங்க" என்றார் மேடம்.

என் வீட்டுக்காரர் எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி என்னை உட்கார வைக்க வேண்டியதாயிற்று.

திரையில் ரயில் எஞ்சினின் உள்பக்கம். கண்ணாடிக்கு வெளியே இரண்டு தண்டவாளம் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. பிறந்ததிலிருந்து ஆரம்பாக்கத்தில் ரயிலைப் பக்கவாட்டில் பார்த்தவள் நான். வரும், நிற்கும், போகும். எஞ்சினுக்குள் உட்கார்ந்து எதிரே பார்த்தால் உலகம் இப்படித் திறந்துகொண்டு வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கொஞ்ச நேரம் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் பாடம், ரயிலைக் கிளப்புவது. கம்ப்யூட்டருக்குள் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லும், மேடம் தமிழில் சொல்வார். திசைப் பொத்தானை முன்னால் வைக்க வேண்டும். வலது கைப்பிடி பிரேக், அதை விட வேண்டும். இடது கைப்பிடி வேகம். அது வழுக்கிக்கொண்டு போகாது, எட்டு நாட்ச் இருக்கிறது. ஒவ்வொரு நாட்சிலும் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்காரும். இது போதாதென்று ஒரு சிவப்புப் பொத்தான். நிமிஷத்துக்கு ஒருமுறை அதை அழுத்தாவிட்டால் ஓட்டுகிறவர் தூங்கிவிட்டார் என்று நினைத்து ரயில் தானே நின்றுவிடும். எனக்கு மூன்று மணிக்கொருமுறை எண்ணச் சொன்ன நர்ஸ் ஞாபகம் வந்தது.

ஒரு நாட்ச் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்தப் பெரிய உருவம் லேசாக முனகிக்கொண்டு நகர்ந்தது. எனக்கு மயிர் சிலிர்த்தது.

இரண்டாவது பாடம், ஸ்டேஷனில் நிறுத்துவது. ஸ்டேஷன் தெரிந்தது. வேகக் கைப்பிடியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது. ரயில் பிளாட்பாரத்துக்குள் நுழைந்தது. பிளாட்பாரத்தில் பொம்மை ஜனங்கள் பெட்டியோடு நின்றார்கள். அவர்களைத் தாண்டி, ஸ்டேஷன் போர்டைத் தாண்டி, ரயில் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"நிறுத்திட்டியே, இன்னும் போவுதே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நிறுத்திட்டேனே" என்றேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. "பிரேக்கே போடலையேம்மா நீங்க."

எங்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஏரியில் படகைக் கோல் ஊன்றித் தள்ளுவோம். நிறுத்த வேண்டும் என்றால் ஊன்றுவதை விட்டால் போதும். ஆழமில்லாத தண்ணீர், அடியில் சேறு, இரண்டு படகு நீளத்துக்குள் அதுவே நின்றுவிடும். நிறுத்துவதற்கென்று தனியாக ஒரு வேலை செய்ய வேண்டும் என்பதே எங்கள் உடம்புக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் மேடத்துக்கு இதை நின்று நடித்தே காட்டினார். மேடம் சிரித்துவிட்டு மறுபடி தொடங்கச் சொன்னார். மறுபடியும் கையை மடியில் வைத்தேன். மறுபடியும் ஸ்டேஷன் போய்விட்டது. மூன்றாவது தடவை கோபத்தில் பிரேக்கை ஒரே இழுப்பாக இழுத்தேன். ரயில் கிறீச்சிட்டு நின்றது, ஸ்டேஷனுக்கு வெகு தூரம் முன்னாலேயே. பயணிகள் எல்லாரும் கீழே விழுந்திருப்பார்கள் என்று கம்ப்யூட்டர் மார்க்கைக் குறைத்துவிட்டது.

மேடம் படம் போட்டு விளக்கினார். அவ்வளவு எடை, அவ்வளவு வேகம், இரும்பின் மேல் இரும்பு. தடுக்க எதுவும் இல்லை. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பிக்க வேண்டும்.

அன்று வார்டுக்குத் திரும்பியும் எனக்கு அதே நினைப்பு. சூளூர்பேட்டை லோக்கல் எத்தனை தடவை என் காலடியில் வந்து நின்றிருக்கிறது. நான் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, ராணியோடு வம்பு பேசிக்கொண்டு நிற்கும்போதே, என் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஒருவர் எனக்காக நிறுத்தத் தொடங்கியிருக்கிறார். ஒருநாளாவது அந்த எஞ்சின் பெட்டியை நான் நிமிர்ந்து பார்த்ததுண்டா. வெட்கமாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது.

பிரேக் ஒருவழியாகப் பழகியது. இன்னொரு தொல்லை வந்தது. எது எத்தனையாவது நாட்ச் என்று விரலுக்குத் தெரியவில்லை. தெரியவேண்டுமென்று பழக்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ணைத் திறங்க, ரயில் ஓடிட்டிருக்கு" என்று மேடம் அதட்டுவார். திறந்தால் கைப்பிடியைப் பார்த்துத்தான் நாட்ச் எண்ண முடியும். கையைப் பார்த்தால் சிக்னல் போய்விடும், சிக்னலைப் பார்த்தால் கை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு ஜோடிக் கண்ணை வைத்துக்கொண்டு எத்தனை வேலை பார்ப்பது. அதனால் என் வீட்டுக்காரர் எனக்குக் கண்ணானார்.

"பச்ச... பச்ச... ஏய், மஞ்சா வந்துகினு கீது. கொற, கொற."

இங்கிலீஷ் குரல் சொல்வதை அர்த்தம் தெரியாமலே மனப்பாடம் செய்துவிட்டு அதற்கு முன்னால் சொல்வார். பாடம் இரண்டும் மூன்றும் அப்படித்தான் தேறினேன். மஞ்சள் என்றால் அடுத்தது சிவப்பு, இப்போதே அடங்கு என்று அர்த்தம். பெட்டியோடு எஞ்சினைச் சேர்க்கும்போது நடையை விட மெதுவாகப் போய் முட்ட வேண்டும். எல்லாம் வந்தது.

இந்த மனிதர் அந்த நாட்களில் செய்ததையும் சொல்ல வேண்டும். என் தலையை வாரிச் சடை போடக் கற்றுக்கொண்டார், அது சடையாக இருக்காது, படகு கட்டும் முடிச்சாக இருக்கும். ஞாயிறு வரும் மகள் சுகன்யா அதை அவிழ்த்துவிட்டு, "நைனா, இனிமே இத தொடாத" என்பாள். திங்கட்கிழமை மறுபடி முடிச்சுதான்.

ஒருநாள் ஊருக்குப் போய்விட்டு முதல் ரயிலில் திரும்பியவர், ஈரக் கோணியில் சுற்றி ஏதோ கொண்டுவந்தார். நர்ஸ் போகும்வரை காத்திருந்து பிரித்தார். உயிரோடு ஒரு இறால். அதை விடுவதற்கு என் உள்ளங்கையை விரித்துப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டேன். அமுக்கிப் பார்த்தேன். விரலை ஓட்டிப் பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன்.

"வுட்டியா?" என்று கேட்டேன்.

அது கையில்தான் இருந்தது. அவர் அதை எடுத்துக் கோணியில் சுற்றிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அன்று நான் பயிற்சிக்குப் போகவில்லை. இனிமேல் போகவே வேண்டாம் என்றுதான் படுத்திருந்தேன். ஏரியை மனதுக்குள் கைகழுவ முயற்சி செய்தேன், முடியவில்லை.

மறுநாள் மேடமே வார்டுக்கு வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ரயில் ஓட்டினா இறால் வரும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா கையைச் சும்மா வெச்சா வராதுன்னு சொல்லுவேன். கடைசிப் பாடம் பாக்கி இருக்கு. மூணு ஸ்டேஷன். தனியா ஓட்டணும்" என்றார். அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சார் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

தனியாக ஓட்டும் பாடத்தில் பதினைந்து முறைக்கு மேல் தோற்றேன். முதல் ஸ்டேஷனைத் தாண்டுவதே பெரும்பாடு. என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியில் வாயில் துண்டை வைத்துக்கொண்டு தவிப்பார். இரண்டு வாரம் இப்படியே போனது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புவதாகவும் சொல்லிவிட்டார்கள். விரல் அப்படியேதான் இருந்தது.

அன்று புதன்கிழமை. முதல் ஸ்டேஷனில் பிளாட்பாரம் அளவுக்குச் சரியாக நிறுத்தினேன். கதவு திறந்து மூடியது. மறுபடி கிளப்பி, ஐந்து, ஆறு என்று கையைப் பார்த்துப் பார்த்து ஏற்றினேன். இரண்டாவது ஸ்டேஷனுக்கு முன்னால் ஒரு வளைவு. வளைவு திரும்பியதும் மஞ்சள். கண்ணைச் சிக்னலில் வைத்தபடியே இடது கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன்.

டக்.

சத்தம் என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் ரயில் இரைச்சல், சின்னச் சத்தமெல்லாம் கேட்க வழியில்லை. மறுபடி இழுத்தேன். டக். ஆள்காட்டி விரல் நுனியில், கடுகு அளவு இடத்தில், ஏதோ ஒன்று நடந்தது. கண்ணை மூடினேன். இழுத்தேன். டக். தள்ளினேன். டக். இழுத்தேன். டக். என்னை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரரால் பொறுக்க முடியவில்லை. துண்டை எடுத்துவிட்டார்.

"ஏய் தேசம்மா, செவப்பு. செவப்புமே. பிரேக்க போடு."

எனக்குக் காதில் விழுந்தது. விழுந்தும் பிரேக் பக்கம் கை போகவில்லை. ரயில் சிவப்பைத் தாண்டியது. கம்ப்யூட்டர் கத்தியது. அந்த இங்கிலீஷ் பெண் என்னமோ சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள்.

"கண்ணத் தெறந்து பாரு. அம்மாந்தூரம் வந்து எல்லாம் போச்சு" என்றார்.

"போவட்டும். இது மூணுல கீதா பாரு."

அவர் குனிந்து கைப்பிடியைப் பார்த்தார். மூன்றில்தான் இருந்தது.

மேடம் வேகமாக வந்தார். ஸ்பீக்கரை அணைத்தார். மணிக்கட்டு அசைவதை வைத்துச் சொல்கிறேனோ என்று சந்தேகம் அவருக்கு. என் கையைத் தூக்கிப் பெட்டியின் மேல் வைத்து, ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கைப்பிடியின் அடிப்பாகத்தில் பட வைத்தார். "கண்ணை மூடிக்குங்க. சார், நீங்க நகத்துங்க" என்றார்.

"இப்போ?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாலு."

"இப்போ?"

"அஞ்சு. ஆறு. திரும்ப அஞ்சு."

"இப்போ?"

விரலைக் கூர்ந்து கவனித்தேன். ஒன்றும் வரவில்லை. முதலில் பயம் வந்தது, அடுத்த நொடி கோபம் வந்தது.

"நீ நகத்தவே இல்ல."

நான் கண்ணைத் திறக்கவில்லை, ஏரியில் தடவுவதுபோல் காத்திருந்தேன். பக்கத்தில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் யாருக்கும் தெரியாத மாதிரி, அவ்வளவு மெதுவாக, அவர் கைப்பிடியை ஒரு நாட்ச் தள்ளினார்.

"ஆறு" என்றேன்.